தாய்வழியே வந்த பெயர்
கரைவாகுப் பற்றின் குடிமரபும் குடும்ப வரலாற்றுத் தேடலும்

தான் எந்தக் குடியைச் சேர்ந்தவன், தன் முன்னோர் யாவர் என்று அறிய விழைவது மனித இயல்பாகும். வள்ளுவப் பெருந்தகையும் குடிமை, குடிசெயல்வகை என இரண்டு அதிகாரங்களைக் குடிப்பிறப்பின் சிறப்புக்கும் அதனை உயர்த்தும் கடமைக்குமாக ஒதுக்கியுள்ளார். எனினும் தமது குடும்பத்தின் பூர்வீகம் எது என்று தேடப் புறப்படும் இன்றைய தலைமுறையினர் முதலடியிலேயே தடைப்பட்டு நின்றுவிடுகின்றனர். புலம்பெயர்ந்த நாடுகளில் ஒவ்வொரு படிவத்திலும் "குடும்பப் பெயர் யாது?" என்று கேட்கப்படுகின்றது. எமது மரபிலோ அப்படியொரு பெயர் பெரும்பாலும் இல்லை. அவ்வாறாயின் கல்முனையை மையமாகக் கொண்ட கரைவாகுப் பற்றிலும் அதனை அண்டிய ஊர்களிலும் ஒரு குடும்பம் தன்னை எதனைக் கொண்டு அடையாளம் கண்டது? அந்த அடையாளத்தை இன்று எவ்வாறு தேடிக் கண்டறியலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் முதலெழுத்தும்

தமிழர் பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பதாகும். அது ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது. மகனுக்குப் பிள்ளை பிறந்ததும் பாட்டனின் பெயர் விலகி, மகனின் பெயர் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்பவர் ஒவ்வொரு படியிலும் புதியதொரு பெயரையே சந்திப்பார். ஐரோப்பாவில் ஐஸ்லாந்து மக்களிடமும் தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் எனும் சொல்லைச் சேர்த்து வழங்கும் இதையொத்த முறை இன்றளவும் உண்டு. குடும்பப் பெயர் இன்றியும் ஒரு சமூகம் ஒழுங்காக வாழ முடியும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களாகிய கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலியவற்றிலும் இதே நிலையே காணப்படுகின்றது. அங்கு ஏ.எல்., எம்.எல்., யு.எல். எனும் முதலெழுத்துகள் மிகுதியாக வழங்குவதைக் காணலாம். அகமதுலெவ்வை, முகம்மதுலெவ்வை, உதுமாலெவ்வை போன்ற தந்தையர் பெயர்களே அவ்வாறு சுருங்கி நிற்கின்றன. லெவ்வை என்பது மார்க்கக் கல்வி கற்றோரைக் குறித்த லெப்பை எனும் சொல்லின் இவ்விடத்து வழக்காகும்.

தமிழர் பெயர்களில் வரும் போடி, முஸ்லிம் பெயர்களிலும் ஒட்டி வருவதுண்டு. நிலவுடைமையாளரையும் ஊர்ப் பெரியோரையும் போடியார் என்றழைத்த மட்டக்களப்பு மரபின் எச்சம் இது. முதலியார், உடையார், விதானையார், வன்னியனார் என்பனவும் அவ்வாறே பதவியைக் குறித்தவை. இவை ஒருவரது தகுதியைக் காட்டுவன. வழிவழியாகத் தொடரும் குடும்பப் பெயர் ஆகா. கல்முனையின் பாராளுமன்ற உறுப்பினராக விளங்கிய கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் பெயரிலுள்ள காரியப்பர் என்பது போல் குடும்பத்தைச் சுட்டும் பெயர்கள் இங்கு மிகச் சிலவே. எனவே இப்பகுதியில் குடும்பப் பெயரைத் தேடுவோர் பெயருக்குள் தேடுவதை விட்டு, குடிக்குள் தேடவேண்டும்.

குடி என்பது யாது?

குடி என்ற சொல்லுக்கு இப்பிரதேசத்தில் இரு பொருள் உண்டு. ஒன்று குடியிருப்பு. கல்முனைக்குடி, காத்தான்குடி, சேனைக்குடியிருப்பு ஆகிய ஊர்ப்பெயர்களில் வருவது இதுவே. மற்றையது தாய்வழியாகத் தொடரும் மரபுக்குழு. பூர்வீகம் தேடுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

தாய்வழிக் குடியின் விதி எளிமையானது. பிள்ளை எந்தக் குடி என்பதைத் தாயின் குடியே தீர்மானிக்கின்றது. உதாரணமாக, உலகிப்போடி குடியைச் சேர்ந்த ஒரு பெண் காலிங்கா குடியைச் சேர்ந்த ஆணை மணந்தால், அவர்களின் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் உலகிப்போடி குடியினரே. பின்னர் மகன் வேறு குடியில் பெண் எடுப்பான். அவனுடைய பிள்ளைகள் அப்பெண்ணின் குடியைச் சேர்வர். மகளின் பிள்ளைகள் மட்டுமே உலகிப்போடி குடியாக நீடிப்பர். ஆண் தன் குடியைச் சாகும்வரை சுமப்பான். ஆனால் தன் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டான். கொடுப்பவள் பெண்ணே.

ஒரு குடிக்குள் கிளைகளும் உண்டு. ஒரே பாட்டியின் வயிற்றில் தோன்றிய வழியினர் என்ற பொருளில் அவை வயிற்றுவார் எனப்படும். வயிற்றை வகுறு என்னும் பேச்சு வழக்கையொட்டி வகுத்துவார் என்றும் சொல்வர். பெயரிலேயே தாயின் வயிறு இடம்பெற்றிருப்பது இம்மரபின் தன்மையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

திருமணமும் வளவும்

ஒரே குடிக்குள் மணம் செய்வது விலக்கப்பட்டது. அக்குடியினர் யாவரும் ஒரு தாய் மக்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அதனாற்றான் மாமன் மகளையும் மாமி மகளையும் முறைப்பெண்ணாகக் கொள்ளும் வழக்கம் இம்மரபுக்கு இயல்பாகப் பொருந்தியது. தாய்மாமனின் பிள்ளைகள் தம் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள். தந்தையின் சகோதரியான மாமியின் பிள்ளைகள் தந்தையின் குடியைச் சேர்ந்தவர்கள். இரு சாராரும் தன் குடிக்குப் புறம்பானோரே. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளோ தன் குடியினர், எனவே உடன்பிறப்புகள். இவ்வாறு இரு குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொண்டும் கொடுத்தும் வந்ததால், ஒருவரது தாய்க்குடியை அறிந்தால் தந்தைக்குடியையும் ஊகித்தறிய முடிந்தது.

இதனுடன் இணைந்தது வீடு. இக்கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடுவளவைச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழமையாகும். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் அல்லது அண்மையில் இன்னொரு வீடு கட்டிக்கொள்வர். இதன் பயனாகச் சகோதரிகள் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தனர். பழைய ஒழுங்கையொன்றில் நின்று எந்த வளவு யாருடைய தாய்க்குச் சீதனமாக வந்தது என்று கேட்டுச் சென்றால், அக்குடியின் வம்சாவளி கண்முன்னே விரியும்.

பண்டைக்காலத்தில் சொத்தும் இவ்வழியே சென்றது. தாய்வழியாக வரும் முதுசொம், ஆணிடமிருந்து அவனது பிள்ளைகளுக்கன்றிச் சகோதரியின் பிள்ளைகளாகிய மருமக்களுக்குச் செல்லும் முறை முக்குவர் சட்டம் எனப்பட்டது. இதனைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். கேரளத்தில் வழங்கிய மருமக்கத்தாயத்தோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது. மலையாளக் கரையோடு மட்டக்களப்புக்கு இருந்த தொடர்பை ஆய்வாளர் வலியுறுத்துவதற்கு இவ்வொப்புமையும் ஒரு காரணமாகும்.

குடிப்பெயர்கள் உணர்த்துவன

குடிப்பெயர்கள் பலவகைப்படும். காலிங்கா குடி என்பது கலிங்க நாட்டை நினைவூட்டுகின்றது. படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்பன தொழிலையும் பதவியையும் சுட்டும் பெயர்களாகத் தோன்றுகின்றன. உலகிப்போடி குடி ஒரு முன்னோனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்பன பெண்களின் பெயரால் அமைந்தவை. நாச்சி என்பது தலைவியைக் குறிக்கும் சொல்லாகும். பெத்தா குடியிலுள்ள பெத்தா என்பதற்கும் இங்கு பாட்டி என்றே பொருள்.

இப்பெயர்களுக்கு விளக்கம் கூறும் ஏட்டு மரபுகளும் உண்டு. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், குடிகளின் வரிசையையும் ஆலயங்களில் அவற்றுக்குரிய உரிமைகளையும் கூறுகின்றது. பொலநறுவையை 1215 இல் கைப்பற்றிய கலிங்க மாகன் அந்நூலில் மாகோன் எனப் போற்றப்படுகின்றான். குடிமுறையை அவனோடு தொடர்புபடுத்தும் மரபும் அதில் உண்டு. பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் இம்மரபுகளைப் பண்பாட்டு நோக்கில் விரித்துரைக்கின்றது.

எனினும் ஏட்டில் உள்ளவை யாவும் நடந்தவாறே எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு குடியும் தன் உரிமையை நிலைநாட்டும் பொருட்டுப் பாடியும் எழுதியும் வைத்த செய்திகள் அவற்றில் கலந்துள்ளன. காலிங்கா குடி எனும் பெயர் இருப்பதனால் மட்டும் அக்குடியினர் அனைவரும் கலிங்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பெயர் ஒரு துப்பு மட்டுமே. அதற்கு வேறு சான்றுகளும் துணைநிற்க வேண்டும்.

இரு சமூகத்துக்கும் பொதுவான மரபு

இம்மரபின் வியத்தகு அம்சம், அது தமிழருக்கு மாத்திரம் உரியதன்று என்பதே. கிழக்குக் கரையோர முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகவே தம்மை வகுத்து வந்துள்ளனர். பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி முதலிய தூய தமிழ்ப்பெயர்கள் அவர்களிடையே வழங்குகின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்துக்குக் குடிக்கொருவராக மரைக்காயரைத் தெரிவுசெய்யும் வழக்கமும் இருந்துள்ளது. ஆலயத்தில் குடிசார்பில் வண்ணக்கர் நிற்பதும் பள்ளிவாசலில் குடிசார்பில் மரைக்காயர் நிற்பதும் ஒரே அமைப்பின் இரு தோற்றங்கள் எனலாம்.

இது எவ்வாறு நேர்ந்தது? முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நிகழ்ந்த போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனர் என்றும், அதன்பின் இரு சாராருக்கும் மணவுறவு ஏற்பட்டது என்றும் மட்டக்களப்பில் கர்ணபரம்பரைக் கதை வழங்குகின்றது. தாய் உள்ளூர்ப் பெண்ணாயின் பிள்ளைகள் அவளது குடியைப் பெறுவர் என்பது இம்மரபின் விதிக்கு இசைந்ததே. போர்த்துக்கேயரின் நெருக்குதலுக்கு ஆளான முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. வந்தோரும் இருந்தோரும் கலந்து வாழ்ந்த நீண்ட காலத்தில் குடிமுறை பொதுச் சொத்தாயிற்று.

மேனாட்டு ஆய்வாளரும் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். நூர் யல்மான் 1967 இல் வெளியிட்ட நூலில் கிழக்குக் கரையோரத் தமிழர், முஸ்லிம்களின் உறவுமுறைகளை ஒப்புநோக்கினார். டெனிஸ் மக்கில்வ்ரே 1969 இல் அக்கரைப்பற்றில் தம் கள ஆய்வைத் தொடங்கி, 2008 இல் இரு சமூகங்களையும் ஒருசேர ஆராயும் பெருநூலை வெளியிட்டார். இஸ்லாமும் தாய்வழி மரபும் ஒருங்கே வாழ்வது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. வட கேரளத்தின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் சிலரிடமும், சுமாத்திராவின் மினாங்கபாவு மக்களிடமும் இவ்வொழுங்கு காணப்படுகின்றது.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இப்பிரதேசத்தில் சொல்வதுண்டு. அச்சொல்லின் பின்னால் இத்தகைய தாய்வழி உறவும் நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. குடும்ப வரலாற்றை நேர்மையாகத் தேடுபவர் ஒருநாள் அயலூர்ப் பள்ளிவாசலின் வாசலிலும் தன் குடிப்பெயரைக் கேட்க நேரலாம்.

ஆலயமே ஏடு

குடி என்பது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அது எழுதப்படாமலே இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தமைக்கு ஆலயங்களே முதற்காரணம். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயம், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம், மண்டூர் முருகன் ஆலயம் முதலிய பெருங்கோயில்களிலிருந்து சிற்றூர்க் கோயில்கள் வரை குடிமரபு வழிபாட்டோடு பின்னிப் பிணைந்துள்ளது. இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு, இன்ன மரியாதை முதலில் இன்ன குடிக்கு என்ற ஒழுங்கு வகுக்கப்பட்டிருந்தது. கண்ணகி அம்மன் ஆலயங்களின் வைகாசிச் சடங்கிலும் நாட்பூசைகளைக் குடிகள் பொறுப்பேற்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் தன் குடிக்குரிய நாளில் பெரியோர் முன்வந்து நிற்கையில், சிறுவர் அதனைப் பார்த்தே தாம் யார் என்பதைக் கற்றுக்கொண்டனர். திருவிழாவே வம்சாவளிப் பாடமாயிற்று. வண்ணக்கர் பதவி தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும்போது குடியின் தொடர்ச்சி ஊரறிய உறுதிசெய்யப்பட்டது. எனவே ஆலயத்தின் உபயகாரர் பட்டியல், கணக்கேடு, பழைய திருவிழா அறிவித்தல் என்பன வெறும் நிர்வாகக் காகிதங்கள் அல்ல. ஊரின் குடும்ப வரலாற்று ஆவணங்களாகும்.

காகிதத்தில் மறையும் தாய்வழி

இன்று அரச ஆவணங்களில் தந்தைவழியே மேலோங்கி நிற்கின்றது. பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரும், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கப்படுகின்றன. அம்மம்மாவின் பெயருக்கு அங்கே இடமில்லை. குடியைச் சுமந்து வந்தவளே பதிவிலிருந்து விடுபட்டுப் போகின்றாள்.

1990 ஆம் ஆண்டின் வன்செயல்களின்போது இரு சமூகத்தவரும் இடம்பெயர்ந்ததில் ஏடுகளும் உறுதிகளும் பல அழிந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் முழுவதும் வளவுகள் துடைத்தெறியப்பட்டன. அவற்றோடு, எந்த வளவு எந்தத் தாய்வழி வந்தது என்று சொல்லக்கூடிய முதியோரையும் இழந்தோம்.

அதன்பின் நிகழ்ந்த ஒன்றும் கவனத்துக்குரியது. கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்ட இடைக்காலத்தில் பலர் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டனர். அழிந்த வீடுகள் பெரும்பாலும் பெண்களின் சீதன வீடுகள். புதிய வீடுகளோ பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற வகையில் ஆணின் பெயருக்கே எழுதப்பட்டன. பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்த வளவு ஒரு கையெழுத்தோடு வழிமாறிற்று. சகோதரிகள் அயலயலாக வாழ்ந்த ஒழுங்கும் சிதறிற்று. ஒழுங்கையைப் பார்த்துக் குடியைச் சொல்லும் காலம் இவ்வாறு மங்கி வருகின்றது.

தேடும் முறை

இந்நிலையில் தம் குடும்ப வரலாற்றை எழுத விரும்புவோர் பின்வரும் வழிகளைக் கைக்கொள்ளலாம்.

1. முதலில் வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் கேட்டல் வேண்டும். தாய், அம்மம்மா, அவரது தாய் என மேல்நோக்கிப் பெயர்களை வரிசையாக எழுதுக. உடன்பிறந்த சகோதரிகளையும் விடாது குறிக்குக.

2. ஒவ்வொருவரின் பெயரோடு குடி, வயிற்றுவார், பிறந்த ஊர், மணம் முடித்து வந்த குடி ஆகியவற்றை எழுதுக. கேட்டவரின் பெயரும் கேட்ட திகதியும் அவசியம்.

3. காணி உறுதிகளில் சீதன உறுதி மிகப் பயனுடையது. அதில் கொடுத்தவர், பெற்றவர், எல்லைகளுக்குரியோர் எனப் பல பெயர்கள் ஒருங்கே கிடைக்கும்.

4. இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் நினைவு மலர்களில் வம்சாவளி அச்சிடப்பட்டிருக்கும். இவை பல வீடுகளில் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. ஒன்றுசேர்த்துப் பாதுகாத்தல் நன்று.

5. ஆலயக் கணக்கேடுகளிலும் உபயகாரர் பட்டியல்களிலும் வரும் பெயர்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால், எந்தக் குடி எப்போது எந்த உபயத்தை ஏற்றது என்பது தெளிவாகும். பரிபாலன சபையின் அனுமதியோடு அவற்றைப் படம்பிடித்து வைப்பதும் உதவும்.

6. வாய்மொழியில் கிடைத்ததையும் எழுத்தில் கிடைத்ததையும் வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி வைத்தலே நேர்மையாகும்.

குடிப்பெருமையும் குடிக்கடமையும்

இத்தேடலில் மறக்கலாகாத ஓர் உண்மை உண்டு. ஐந்து தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 32 முன்னோர் இருந்திருப்பர். குடிப்பெயர் அவர்களுள் ஒரேயொரு பெண்ணின் வழியை மட்டும் காட்டுகின்றது. முதலெழுத்தின் வழியே மேலேறினாலும் ஒரேயொரு ஆணின் வழிதான் கிடைக்கும். மற்றைய முப்பது பேரும் வெவ்வேறு குடிகளையும் ஊர்களையும் சேர்ந்தவர்களாக இருக்கலாம். ஆகவே தன் குடி உயர்ந்தது, பிறர் குடி தாழ்ந்தது என்று சொல்பவர் தம் முன்னோரிற் பெரும்பாலாரையே இகழ்கின்றார் என்பதை உணர்தல் வேண்டும். முன்னுரிமை யாருக்கு என்று வழக்காடித் திருவிழாக்கள் நின்றுபோன கசப்பான அனுபவங்களும் எம் பிரதேசத்துக்குப் புதியவையல்ல. ஆலயத்தில் குடிக்குக் கிடைத்த முதன்மை அதிகாரத்துக்காக அன்று. தொண்டைப் பங்கிட்டுக் கொள்வதற்காகவே அது வகுக்கப்பட்டது.

காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தராகி, அப்பெயராலேயே உலகறிய விளங்கினார். குடிப்பெயரை அறிதல் ஒரு பேறு. அதற்கு அப்பால் உயர்தல் அதனினும் பெரும் பேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

தந்தை தந்த முதலெழுத்தைக் காகிதம் காப்பாற்றிக் கொள்ளும். தாய் தந்த குடியைக் காப்பாற்ற எழுதுபவர் எவருமில்லை. இவ்வாண்டுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்தினரும் தங்கள் தாய்வழியில் நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் மறு பிரதியை ஆலயத்திலும் வைப்பார்களாயின், அடுத்த தலைமுறை தன் வேரைத் தேடி அலைய வேண்டிய நிலை நேராது. அம்மம்மா இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். அதற்கு அம்பாளின் திருவருள் துணைநிற்பதாக.